மிதித்தவர்கள் துவைக்கட்டும்

மிதியடியில் ஏறி நின்றால் உடம்புக் களைப்பெல்லாம் கால் வழியாக இறங்கிப் போய்விடும் என்பது பொங்கியண்ணன் காம்பவுண்டில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. இறங்கிய களைப்பு எங்கே போகிறது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

அந்தக் காம்பவுண்டு திருப்பூரில் பனியன் கம்பெனிகளின் முதுகுப்பக்கம் இருந்தது. எதிரெதிரே ஓட்டு வீடுகள், நடுவில் ஒரு வேப்பமரம், மரத்தடியில் தண்ணீர்த் தொட்டியும் துவைகல்லும். கடைசி வீட்டில் துளசிமணி இருந்தாள். தைத்து வருகிற பனியன்களை டியூப் லைட் வெளிச்சத்தில் விரித்து, ஓட்டை இருக்கிறதா, கறை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்த்து ஒதுக்குகிற செக்கிங் வேலை அவளுக்கு. அவள் புருஷன் மயில்சாமி நிட்டிங் மெஷின் ஓட்டினான். இரண்டுமே நின்றுகொண்டே செய்கிற வேலை. நிற்கிறதுக்குத்தான் ஊரில் ஆள் எடுத்தார்கள். உட்கார்ந்து செய்கிற வேலைக்கு வேறு ஊர்ப் படிப்பு வேண்டியிருந்தது.

ஐப்பசி மழையில் செக்கிங் ஆட்களுக்கு மட்டும் லீவு விட்ட ஒரு வாரம், துளசிமணி கட்டிங் வேஸ்ட் துணிகளை ஒரு மூட்டை வாங்கி வந்து, விரல் அகலத்துக்குக் கிழித்து, பின்னி, பின்னலை நத்தை ஓடு மாதிரிச் சுற்றிச் சுற்றிக் கோணி ஊசியால் தைத்து, முறத்தைவிடப் பெரிதாக ஒரு மிதியடி செய்தாள். வெளிநாட்டுக்குப் போகிற பனியன்களின் மிச்சம் அது; மஞ்சளும் நீலமும் ரத்தச் சிவப்புமாக இருந்தது. வாசலுக்கு உள்ளே போட்டாள். அன்று பொழுதோடு ஷிப்ட் முடிந்து வந்த மயில்சாமி செருப்பைக் கழற்றிவிட்டு அதன் மேல் நின்றான். கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் அப்படியே நின்றான். பிறகு, வழக்கமாகச் சுவரோரம் சரிந்து சோற்றுத் தட்டிலேயே தூங்கிவிடுகிறவன், "ஏ புள்ள, கடைக்குப் போயி ஏதாச்சும் வாங்கியாரட்டுமா?" என்று கேட்டான்.

"உடம்புக்கு என்னுங்க ஆச்சு?" என்றாள் துளசிமணி.

"ஒண்ணுமில்ல. கால்ல இருந்ததெல்லாம் எறங்கிருச்சு. மிதியடி வாங்கிக்கிச்சு."

அவன் அதைச் சொன்ன விதத்தில், மழை ஓய்ந்துவிட்டது என்று சொல்வதற்கு மேல் ஒன்றும் இல்லை. அவளும் அடுப்பைக் கவனிக்கத் திரும்பிவிட்டாள்.

இரண்டாம் ஆளாக வந்தவள் எதிர்வீட்டு நூர்ஜகான். ஓரம் தைக்கிற ஓவர்லாக் மெஷினில் பாதி ஆயுளைக் குனிந்தே கழித்தவள். சர்க்கரை கேட்டு வந்து, மிதியடியில் நின்றபடி பேசிக்கொண்டிருந்தவள், பேச்சு நடுவிலேயே நிமிர்ந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் இருந்த உயரம் திரும்பி வந்துவிட்டது என்று தெருவெல்லாம் சொன்னாள். அதற்குப் பிறகு யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. ஷிப்ட் விடும் நேரத்தில் துளசிமணி வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்தன. அயர்ன் மாஸ்டர்கள் வந்தார்கள், கட்டிங் மாஸ்டர்கள் வந்தார்கள், மூட்டை தூக்குகிறவர்கள் வந்தார்கள். சாயப்பட்டறையில் வேலை செய்கிறவர்கள் நீலமான பாதங்களோடு வந்து, நீலம் அப்படியே இருக்க, களைப்பை மட்டும் இறக்கி வைத்துவிட்டு, சீட்டி அடித்துக்கொண்டு போனார்கள். அடுப்படியில் ரசம் கொதித்துக்கொண்டிருக்கும், துளசிமணி சோறு வடித்துக்கொண்டிருப்பாள், முன்னறையில் யாரோ முன்பின் தெரியாத ஆள் கண்ணை மூடி நின்று "ஆஹா" என்பான்.

அதிசயம் என்று ஒன்று வந்தால் அதற்கு ஒழுங்குமுறை வேண்டுமல்லவா? காம்பவுண்டு உடைமைக்காரர் பொங்கியண்ணன், வெள்ளை வேட்டியும் அகல மீசையுமாக, எந்த வேலையும் செய்யாமலே தினமும் முதல் ஆளாக வந்து மிதியடியில் நிற்கிறவர், ஒழுங்குமுறைகளை ஏற்படுத்தினார். ஈரக்காலோடு ஏறக்கூடாது, கெட்ட வார்த்தை பேசக்கூடாது, வெள்ளிக்கிழமை சூடம் காட்ட வேண்டும், வீட்டுக்குத் தூரமான பெண்கள் மூன்று நாளைக்கு மிதிக்கக்கூடாது என்றார்.

"அந்த மூணு நாளு நான் அதைத் தொவைக்கலாமுங்களா, அண்ணா?" என்று கேட்டாள் துளசிமணி.

பொங்கியண்ணன் கொஞ்சம் யோசித்தார். "தொவைக்கறதுக்கு என்ன அம்முணி தீட்டு? தண்ணியிலதான கெடக்குது" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள்.

துவைப்பது என்றால் எப்படிப்பட்ட துவைப்பு என்று யாராவது எட்டிப் பார்த்திருக்க வேண்டும். பின்னல் மிதியடியைப் புடவை மாதிரிக் கல்லில் அடிக்க முடியாது. அடித்தால் சுற்றுக்குச் சுற்று தையல் விட்டுப்போகும். முறுக்கிப் பிழிய முடியாது. முறுக்கினால் அப்பளம் பொரிந்த மாதிரி நெளிந்துகொள்ளும், பிறகு தரையில் படியாது. கொடியில் தொங்கவிட்டால் தன் கனத்துக்குத் தானே இழுபட்டுக் கோணும். அதனால் துளசிமணி அதைத் தினமும் தூசி உதறி, வாரத்துக்கு ஒருதரம் புரட்டிப் போட்டு, இழை எங்கே பிரிந்திருக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்து அங்கேயே ஒரு தையல் போட்டு, ஞாயிற்றுக்கிழமை பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்து, முட்டிபோட்டு உட்கார்ந்து, உள்ளங்கையால் அமுக்கி அமுக்கித் தண்ணீரை வெளியேற்றி, கயிற்றுக் கட்டிலில் நிழலில் மட்டமாக விரித்துக் காயவைப்பாள். அது ஈரமில்லாத நேரத்திலேயே எருமைக் கன்று கனம் கனத்தது. அழுக்கே இல்லாத மிதியடியிலிருந்து கருப்பாக, கஞ்சி மாதிரிக் கெட்டியாக, தண்ணீர் இறங்கியது. அது அவள் விரலிடுக்கு வழியாக, மணிக்கட்டு வழியாக, முழங்கை வழியாக ஏறியது.

முதல் தடவை அவள் காய்ச்சல் என்று நினைத்தாள். போகப்போகத் தெரிந்துபோயிற்று. இது அயர்ன் மாஸ்டரின் தோள், இது சாயப்பட்டறைக்காரனின் நெஞ்சு, இது நூர்ஜகானின் இடுப்பு, இது என் புருஷனின் கெண்டைக்கால் என்று ஒவ்வொன்றாக அவள் உடம்பில் வந்து இடம் பிடித்து உட்கார்ந்தது. திங்கட்கிழமைகளில் அவளால் தலை பின்னக் கையைத் தூக்க முடியவில்லை. செக்கிங் டேபிளில் கண்ணைத் திறந்தபடி தூங்கினாள். ஓட்டைப் பனியனைத் தள்ளிவிட்டாள் என்று சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் கத்தினான். அந்தச் சூப்பர்வைசரின் முதுகுவலியும் அப்போது அவள் முதுகில்தான் இருந்தது.

துவைத்த தண்ணீர் ஓடிய இடத்தில் வேப்பமரம் இலைகளைத் தொங்கப்போட்டது. அதில் உட்கார்ந்த காக்கைகள் கத்துவதற்குச் சோம்பின. அந்தத் தண்ணீரை நக்கிக் குடித்த தெருநாய்கள் நடுரோட்டில் படுத்து, லாரி ஹாரனுக்கும் எழுந்திருக்காமல் கிடந்தன. காம்பவுண்டே கூடி இதைப் பற்றிப் பேசியது. பாவம், வாயில்லாச் சீவன்கள் என்றார்கள். அடுத்த நாளே ஆண்கள் எல்லாரும், களைப்பில்லாத கைகளால், கடப்பாரையும் மண்வெட்டியும் பிடித்து, அந்தத் தண்ணீர் நாய்களிடம் போகாதபடி தனியாக ஒரு வாய்க்கால் வெட்டிச் சாக்கடையில் சேர்த்தார்கள். நாய்களுக்கு வாய்க்கால் வெட்டினார்கள். வாய்க்காலின் தலைமாட்டில் முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தவளை, கொஞ்சம் தள்ளி உட்காரும்மா, மண்வெட்டி படும் என்றார்கள்.

களைப்பு இல்லாத மனுஷனை உலகம் சும்மா விடுமா? ஒரு ஷிப்ட் பார்த்தவர்கள் ஒன்றரை ஷிப்ட் பார்த்தார்கள். ஒன்றரை பார்த்தவர்கள் இரண்டு பார்த்தார்கள். பொங்கியண்ணன் காம்பவுண்டு ஆட்கள் மட்டும் கொட்டாவி விடுவதில்லை என்று கம்பெனியில் கவனித்துவிட்டார்கள். ஒரு நாள் மேனேஜர் சுகுமாரன் கார் போட்டுக்கொண்டு வந்தார். வேப்பமரத்தடியில் நாற்காலி போடப்பட்டது. துளசிமணி வீட்டு மிதியடியைப் பற்றி, துளசிமணி வீட்டு டீயைக் குடித்துக்கொண்டு, பொங்கியண்ணனும் மயில்சாமியும் மேனேஜரும் பேசினார்கள்.

"கம்பெனி கேட்ல போட்டுறலாம்" என்றார் சுகுமாரன். "உள்ள வரப்ப ஒரு தரம், வெளிய போறப்ப ஒரு தரம் மிதிக்கட்டும். அப்புறம் ஷிப்ட்டுன்னு ஒண்ணு எதுக்கு? மெஷினும் நிக்க வேண்டாம், ஆளும் நிக்க வேண்டாம்."

"ஊருக்கே நல்லதுங்க" என்றார் பொங்கியண்ணன்.

"நல்லதுதானுங்க" என்றான் மயில்சாமி.

"அந்தம்மாவுக்கு செக்கிங் வேண்டாம். மிதியடியைத் தொவைக்கறது மட்டும் வேலை. தினமும் தொவைக்கோணும், அவ்வளவுதான்" என்றார் சுகுமாரன்.

அவ்வளவுதான் என்ற வார்த்தை, டீ டம்ளர்களை எடுக்க வந்த துளசிமணியின் காதில் விழுந்தது. அவள் டம்ளர்களைக் கீழே வைத்தாள். உள்ளே போனாள். மிதியடியைச் சுருட்ட முடியாமல் இழுத்துக்கொண்டே வந்து, மேனேஜர் நாற்காலிக்கு முன்னால், வேப்பமரத்தடியில் போட்டாள். மண் அதிர்ந்தது.

"ஏனுங், உங்களையெல்லாம் ஒண்ணு கேக்கறேன்" என்றாள். அவள் சத்தமாகப் பேசி அந்தக் காம்பவுண்டு கேட்டதில்லை, கதவுகள் திறந்தன. "இத்தனை மாசமா இதுல எறக்கி வெக்கறீங்களே, எறக்கி வெச்சது எங்க போச்சுன்னு ஒருத்தருக்காச்சும் கேக்கத் தோணுச்சா? நாய் படுத்துக் கெடந்தா ஏன்னு பாத்தீங்க. காக்கா கத்தலைன்னா ஏன்னு கேட்டீங்க. நான் வெளக்குமாத்தைப் புடிச்சிட்டு நின்னுட்டே தூங்கினப்ப, 'துளசிக்கு இப்பெல்லாம் சோம்பலு'ன்னு சொன்னீங்க. யாரு சோம்பலுங்க அது? உங்க ஒவ்வொருத்தரு சோம்பலும் பேரோட என்ற கைக்குள்ள இருக்குது!"

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல துளசி?" என்றாள் நூர்ஜகான், குரல் இறங்கி.

"கை தூக்க முடியலன்னு சொன்னேனுங்க அக்கா. வெந்நி வெச்சுக் குளின்னு சொன்னீங்க."

நூர்ஜகான் தரையைப் பார்த்தாள். மயில்சாமி ஏதோ சொல்ல வந்தான்.

"இனி நான் தொவைக்க மாட்டேன்" என்றாள் துளசிமணி. "இங்கயே கெடக்கட்டும். மிதிங்க, யாரு வேண்டாங்கறா? மிதிச்சவங்க தொவைங்க."

கோபம் தணிந்துவிடும் என்று நினைத்தார்கள். பொம்பளைகளின் கோபம் சோறு வேகிற நேரம் என்று பொங்கியண்ணன் மேனேஜரிடம் சொல்லி, நல்ல நாள் பார்த்து எடுத்துக்கொண்டு போகலாம் என்று அனுப்பிவைத்தார். மிதியடி மரத்தடியில் கிடந்தது. அவர்கள் மிதித்துக்கொண்டே இருந்தார்கள். ஞாயிறு போயிற்று, அடுத்த ஞாயிறும் போயிற்று. துளசிமணி துவைகல் பக்கமே போகவில்லை. மிதியடி உப்பியது. பின்னல்கள் புடைத்து, மழையில் ஊறிய கயிறு மாதிரி முறுக்கேறி நின்றன. பிறகு ஒரு காலை, அதற்கு மேல் அதில் இடம் இல்லாமல் போயிற்று.

அன்று முதல் ஆளாக ஏறிய பொங்கியண்ணனுக்கு எதுவும் இறங்கவில்லை, ஏறியது. நூர்ஜகானின் இடுப்பு அவருக்கு வந்துவிட்டது. குனிந்தவர் நிமிரவே இல்லை. மீசை தரையைப் பார்க்க, ஓவர்லாக் மெஷினைத் தேடுகிறவர் மாதிரி கைகளை முன்னால் நீட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அயர்ன் மாஸ்டருக்குச் சாயப்பட்டறைக்காரனின் இருமல் வந்தது. மயில்சாமிக்கு யாருடைய குதிகால் என்றே தெரியாத ஒரு குதிகால் வலி வந்தது. யார் வலி யாரிடம் இருக்கிறது என்று வீடு வீடாகப் போய் விசாரித்துக்கொண்டார்கள். அதுவரை ஒருவருக்கொருவர் என்ன வேலை செய்கிறார்கள் என்பது சரியாகத் தெரியாது என்று அப்போதுதான் தெரிந்தது.

இது எதுவும் தெரியாமல் சுகுமாரன் டிரைவரோடு வந்தார். எடுத்துப் போவதற்கு முன்னால் தானும் ஒரு தரம் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று, பூட்ஸோடு ஏறினார். ஏறியவருக்கு ஒருத்தருடையதல்ல, எல்லாருடையதும் வந்தது. முட்டி மடிந்து, மரத்தடி மண்ணில் உட்கார்ந்து, "தினமும் இத்தனையா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்டபோது அவர் முகம் பாவமாகத்தான் இருந்தது. அப்படியே சாய்ந்து, வெயில் மரத்தைச் சுற்றி வருகிறவரைக்கும் தூங்கினார். டிரைவர் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனான். அதற்குப் பிறகு கம்பெனியிலிருந்து யாரும் மிதியடி கேட்டு வரவில்லை. ஷிப்ட் நேரத்தையும் யாரும் குறைக்கவில்லை.

காம்பவுண்டு மட்டும் துளசிமணி வாசலில் வந்து நின்றது. "உன்ற கைப்பக்குவம் எங்களுக்கு வராது துளசி" என்றார்கள். "நீ தொட்டாத்தான் அதுக்கு ராசி" என்றார்கள். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்; நிமிரவில்லை. கைப்பக்குவம் என்று பெயர் வைத்துத்தானே பாதி உலகத்தைத் துவைகல்லில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மயில்சாமி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாளியை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனான். மனம் மாறிப் போனானா, குதிகால் வலி தாங்காமல் போனானா என்பது அவனுக்கே தெரியாது. மிதியடியைத் தொட்டிக்குள் தள்ள நூர்ஜகானும் இன்னும் இரண்டு பேரும் பிடிக்க வேண்டியிருந்தது. அவன் அதை முறுக்கப் போனான்.

"முறுக்காதீங்க!" என்று வாசலிலிருந்து துளசிமணி கத்தினாள். "அமுக்குங்க."

அமுக்கினான். கருப்புத் தண்ணீர் இறங்கியது, அவன் முழங்கையில் ஏறியது. அமுக்க அமுக்க அவனுக்கு ஆள் அடையாளம் தெரிந்தது. நூர்ஜகான் அக்கா, அயர்ன் மாஸ்டர், மூட்டைக்காரர்கள். பொங்கியண்ணனுடையதைத் தேடினான், அப்படி ஒன்று இல்லவே இல்லை. வெறும் கால்தடம்தான் இருந்தது. தன்னுடையதைக் கண்டுபிடித்தான், தான் இத்தனை களைத்திருந்தோமா என்று அவனுக்கே துக்கமாக இருந்தது. அதற்குப் பிறகும் அமுக்கிக்கொண்டே இருந்தான். தண்ணீர் கருப்பிலிருந்து சாம்பலாகி, சாம்பலிலிருந்து தெளிந்து, வெறும் தண்ணீராக வந்தபோது, எழுந்து அவள் முன்னால் வந்து நின்றான்.

"உன்றது இல்லையே புள்ள" என்றான். "எல்லாரோடதும் இருக்குது. உன்றதைக் காணோம். ஒரு நாளாச்சும் நீ அதை மிதிக்கலையா?"

"நானும் மிதிச்சா யாருங்க தொவைக்கறது?" என்றாள் துளசிமணி.

அவன் மரத்தடிக்குத் திரும்பிப் போய் மிதியடியைக் கட்டிலில் மட்டமாக விரித்தான். மிதியடி காய்கிறவரைக்கும் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். காய்ந்ததும், தூக்க முடியாத கைகளால் அதைத் தூக்கி வந்து, வாசலுக்கு உள்ளே பழைய இடத்தில் போட்டு, "ஏறு" என்றான். நூர்ஜகான் வந்து நின்றாள். ஒவ்வொருவராக எல்லாரும் வந்து நின்றார்கள். பொங்கியண்ணன் குனிந்தபடியே வந்தார்.

"கூட்டம் கூடிப் பாக்கறதுக்கு நான் என்ன தேரா?" என்றாள். ஆனாலும் ஏறினாள்.

எல்லாருடையதும் அவளிடம் இருந்தது. மாசக்கணக்காக வாங்கியதும் இருந்தது. அதற்கு முன்னால் அவளுடையதே அவளுக்கு இருந்தது, அதை யாரும் கணக்கில் சேர்த்ததில்லை. அவ்வளவும் ஒரேயடியாக இறங்கியது. வெளிச்சுற்றில் ஒரு தையல் கடுகு வெடிக்கிற மாதிரி விட்டது. பிறகு அடுத்தது, பிறகு அடுத்தது. மிதியடி சுற்றுச் சுற்றாகப் பிரிந்து, பின்னல் வாசற்படி தாண்டி ஓடி, நின்றவர்களின் கால்களுக்கு நடுவே புகுந்து, வேப்பமரத்தைச் சுற்றி, காம்பவுண்டு கேட் வரைக்கும் போய், அங்கே பின்னலும் அவிழ்ந்து மஞ்சளும் நீலமும் சிவப்புமாகத் துணித்துண்டுகளாகக் கிடந்தது. அது ஓடிய வழியில் நின்றவர்கள் எல்லாரும் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். தொட்டித் தண்ணீர் அலையடித்தது. மரத்திலிருந்த காக்கைகள் எல்லாம் ஒரே சமயத்தில் கத்தின.

துளசிமணி வெறும் சிமெண்டுத் தரையில் நின்றுகொண்டிருந்தாள். கையைத் தூக்கிப் பார்த்தாள், தூக்க முடிந்தது. அவிழ்ந்து கிடந்த தலைமுடியை இழுத்து, அங்கேயே நின்றபடி, நிதானமாகப் பின்னி முடித்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

"எங்க புள்ள போற?" என்றான் தரையில் உட்கார்ந்திருந்த மயில்சாமி.

"பேக்கரிக்கு."

தெருமுனைப் பேக்கரியில் பெஞ்சு முழுக்க ஆண்கள்தான் உட்காருவார்கள். பெண்கள் பார்சல் வாங்கிக்கொண்டு நகர்வார்கள். துளசிமணி பெஞ்சின் நடுவில் உட்கார்ந்தாள். இரண்டு பக்கமும் இருந்தவர்கள் நகர்ந்துகொண்டார்கள். ஒரு டீ சொன்னாள், ஒரு தேங்காய் பன் சொன்னாள். ரோட்டில் போகிற பஸ்களை, அதில் ஏறுகிறவர்களை, இறங்குகிறவர்களை, எதையும் ஒதுக்க வேண்டியில்லாமல், குறை கண்டுபிடிக்க வேண்டியில்லாமல், சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாதி டீயில் மயில்சாமி வந்தான். அவனுக்குப் பின்னால் அயர்ன் மாஸ்டரும், கோணி ஊசியோடு நூர்ஜகானும், இடுப்பைப் பிடித்துக்கொண்டு பொங்கியண்ணனும் வந்தார்கள். மயில்சாமியின் கையில் அவிழ்ந்த துணிகள் சிக்கலும் முடிச்சுமாகக் கிடந்தன. எல்லாரும் சேர்ந்து முயன்று பார்த்திருக்கிறார்கள் என்று தெரிந்தது.

"துளசி" என்றான். "திரும்பப் பின்னிரலாம்னு உக்காந்தோம். எத்தனை புரி சேத்துப் பின்னோணும், எதுக்கு மேல எதைப் போடோணும்னு தெரியல."

துளசிமணி பன்னைப் பிட்டு டீயில் நனைத்தாள். வாயில் போட்டு மென்று விழுங்குகிறவரைக்கும் அவர்களைக் காக்க வைத்தாள்.

"இத்தனை மாசம் அது மேலயே நின்னீங்களே" என்றாள். "ஒரு தரமாச்சும் கீழ குனிஞ்சு பாக்கலையா?"